சாய்ந்த ஒளியின் கணக்கு

தஞ்சைப் பகுதியின் நெல் வயல்களுக்கு நடுவே, மோட்டார் கொட்டகையின் கூரையிலும் வரப்போரத்து இரும்புச் சட்டங்களிலும் சூரிய மின்தகடுகள் தென்படுவது இன்று புதுமையன்று. 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டம் பாசன மோட்டார்களுக்கும், 2024-இல் தொடங்கிய சூரிய வீடு திட்டம் வீட்டுக் கூரைகளுக்கும் மானியம் வழங்குகின்றன. தகட்டின் விலை, மானியத்தின் அளவு, மின்வாரியத்தின் அனுமதி ஆகியவை பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தத் தகடு எந்தத் திசையை நோக்கி, எவ்வளவு சாய்வாக நிற்க வேண்டும் என்பது பற்றி அதிகம் பேசுவதில்லை. கூடுதல் செலவு ஏதும் இல்லாமல் விளைச்சலைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது அந்தச் சாய்வு. செலவில்லாதது என்பதாலேயே அது கவனிப்பாரற்றுப் போகிறது.

ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறது, விழுந்தபின் எந்தக் கோணத்தில் விலகுகிறது என்று வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்த ஒருவர், இதே காவிரி நாட்டு வேளாண் குடும்பம் ஒன்றின் வழிவந்தவர். சர் சி.வி. ராமன் என்று உலகம் அறிந்த சந்திரசேகர வேங்கட ராமன் அவர். அவர் சூரிய மின்கலம் எதையும் உருவாக்கவில்லை. அத்துறையில் ஆய்வு செய்தவருமல்லர். ஆயினும், ஒரு மின்தகட்டின் மேல் விழும் வெயிலுக்கு என்னவெல்லாம் நேர்கிறதோ, அவை ஒவ்வொன்றும் அவருடைய வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் அவர் கண்முன் வந்து நின்றவை. நோபல் பரிசின் வெளிச்சத்தில் மறைந்துபோன அந்த இழையைப் பின்பற்றி அவர் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது இன்றைக்குப் பயனுள்ளது.

நிலத்திலிருந்து ஏட்டுக்கு

ராமனின் தந்தைவழி முன்னோர் பழைய தஞ்சை மாவட்டத்தின் மாங்குடி, புரசக்குடிப் பகுதியில் நிலம் வைத்துப் பயிர் செய்தவர்கள். அவருடைய தந்தை சந்திரசேகர ஐயர் அந்த வழக்கத்திலிருந்து விலகி, ஆங்கிலக் கல்வி பெற்று ஆசிரியப் பணிக்கு வந்தார். தாய் பார்வதி அம்மாள் திருவானைக்காவலைச் சேர்ந்த வடமொழிப் புலமைக் குடும்பத்தினர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்தத் தீவில், 1888 நவம்பர் 7-ஆம் நாள் ராமன் பிறந்தார். அப்போது தந்தையின் மாதச் சம்பளம் பத்து ரூபாய்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காவிரிப் படுகைக் குடும்பங்கள் பலவற்றில் நிகழ்ந்தது இதுதான். நிலத்தை நம்பியிருந்தவர்களின் பிள்ளைகள் ஏட்டைப் பிடித்துக்கொண்டு வெளியூர்களுக்குச் சென்றார்கள். 1892-இல் தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. குடும்பம் ஆந்திரக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் அறிவியல் நூல்கள் இருந்தன. தந்தை வயலின் வாசிப்பார். நூலும் இசையும் சிறுவனின் மனத்தில் ஒருசேரப் பதிந்தன. பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய ராமன், பதினான்கு வயது நிறைவதற்குள் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904-இல் பி.ஏ. தேர்வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

முப்பட்டகத்தின் ஓரத்தில்

அன்றைய மாநிலக் கல்லூரியில் ஆய்வு என்ற வழக்கம் இல்லை. பாடத்திட்டத்தில் உள்ள சோதனைகளைச் செய்து, கையேட்டில் உள்ள விடையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதோடு மாணவர் கடமை முடிந்தது. கண்ணாடி முப்பட்டகம் ஒன்றின் கோணத்தை நிறமாலைமானியால் அளப்பது அத்தகைய சோதனைகளில் ஒன்று. ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்கள் அதைச் செய்து, கோணத்தைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ராமன் அந்தச் சோதனையின்போது வேறொன்றைக் கண்டார். முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகவும் சாய்வாக விழுந்து எதிரொளித்தபோது, பிம்பத்தின் இரு பக்கங்களிலும் வரிவரியாகப் பட்டைகள் தெரிந்தன. குறுகிய இடுக்கு ஒன்றின் வழியே ஒளி செல்லும்போது தோன்றும் விளிம்பு விளைவுப் பட்டைகள் அவை. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. நூல்களில் சொல்லப்பட்ட பட்டைகள் இரு பக்கமும் ஒரே அகலம் கொண்டவை. இவை ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருந்தன. ராமன் அவற்றை அளந்து, காரணத்தைக் கணக்கிட்டு, ஒரு கட்டுரை எழுதினார். 1906 நவம்பரில் லண்டனிலிருந்து வெளிவந்த ஃபிலசாஃபிகல் மேகசின் ஆய்விதழில் அது அச்சேறியது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அந்தக் கட்டுரையின் உள்ளே இருப்பது எளிய உண்மை ஒன்று. ஓர் அகலமான பலகையை நேராகப் பார்த்தால் அதன் முழு அகலமும் தெரியும். அதைச் சாய்த்துக்கொண்டே போனால், பார்ப்பவருக்கு அது குறுகிக்கொண்டே வரும். முற்றிலும் பக்கவாட்டில் திருப்பினால் வெறும் கோடாகிவிடும். முப்பட்டகத்தின் முகம் பல மில்லிமீட்டர் அகலமுள்ளதுதான். ஆனால் மிகச் சாய்வாக வரும் ஒளிக்கு அது ஒரு மெல்லிய இடுக்கு. எவ்வளவு குறுகும் என்பதைக் கோணத்தின் கோசைன் சொல்லிவிடும்.

சூரிய மின்தகட்டின் முதல் விதியும் இதுவே. வெயில் தகட்டின் மேல் செங்குத்தாக விழுந்தால், தகட்டின் முழுப் பரப்பும் ஒளியைத் தாங்குகிறது. 30 பாகை விலகி விழுந்தால், நேரடியாக வரும் ஒளியில் 87 விழுக்காடுதான் அதற்குக் கிட்டும். 45 பாகை என்றால் 71 விழுக்காடு. 60 பாகை என்றால் சரிபாதி. தகடு அதேதான், அதன் விலையும் அதேதான். வெயிலின் கண்ணுக்குத்தான் அது சிறுத்துவிடுகிறது. கல்லூரி மேசையில் ஒரு மாணவர் கண்ட கோசைன் கணக்கு, இன்று கூரைமேல் ஏறி நிற்கிறது.

அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல ராமனின் உடல் இடம் தராது என்று மருத்துவர் கூறிவிட்டார். அறிவியலை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள இந்தியாவில் அன்று வழியும் இல்லை. 1907-இல் நிதித்துறைப் போட்டித் தேர்வில் முதலிடம் பெற்று, லோகசுந்தரி அம்மாளை மணந்து, உதவித் தலைமைக் கணக்கராகக் கல்கத்தா சென்றார். அங்கே பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ப்புச் சங்கம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அந்தச் சங்கத்தின் ஆய்வுக்கூடம் பயன்படுத்துவாரின்றிக் கிடந்தது. பகலில் அரசாங்கக் கணக்கு, விடியலிலும் இரவிலும் ஆய்வு என்று பத்தாண்டுகள் ஓடின. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தபோதும் அவர் ஆய்வை விடவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் மிகுதியும் ஆராய்ந்தது ஒலியை. மிருதங்கம், தபலா, வீணை, தம்பூரா ஆகியவற்றின் நாதம் எதனால் இனிக்கிறது என்று அளந்து பார்த்தார். மேலைநாட்டு இசைக்கருவிகளில் தந்தி, கூர்மையான விளிம்புள்ள குதிரையின் மேல் ஏறி இறங்குகிறது. நம் வீணையில் குதிரையின் மேற்பரப்பு மெல்லிய வளைவுடையது. தந்தி அதைத் தழுவியபடி மிகச் சிறிய சரிவில் விலகுகிறது. அந்தச் சரிவினால்தான், மீட்டும் இடத்தைக் கொண்டு மேற்சுரங்களைக் கணிக்கும் ஐரோப்பிய விதி வீணைக்குப் பொருந்தாமல், நாதம் செழிக்கிறது என்று ராமன் காட்டினார். தஞ்சை ஆசாரிகளின் கை தலைமுறைகளாக அறிந்துவைத்திருந்த ஒன்றுக்கு அறிவியல் விளக்கம் கிடைத்தது. ஒளியானாலும் ஒலியானாலும், பிறர் பொருட்படுத்தாத சிறு சரிவுதான் ராமனின் கண்ணில் படும்.

1917-இல் அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, அரசுப் பதவியைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார். சம்பளம் வெகுவாகக் குறைந்தது. அந்த இழப்பை அவர் ஓர் இழப்பாகவே கருதியதாகத் தெரியவில்லை.

கடலைக் கேட்ட கேள்வி

1921-இல் பல்கலைக்கழகங்களின் மாநாடு ஒன்றுக்காக ஆக்ஸ்ஃபோர்டு சென்ற ராமன், நர்குண்டா என்ற கப்பலில் தாயகம் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. கடலின் நீலம் வானத்து நீலத்தின் எதிரொளிப்பே என்பது அந்நாளில் நிலவிய கருத்து. அதைச் சொன்னவர் ரேலி பிரபு. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதையே உலகுக்கு விளக்கிய மேதை அவர் என்பதால், மறுத்துப் பார்க்கும் எண்ணம் பலருக்கும் எழவில்லை.

ராமனிடம் இருந்தது சட்டைப் பையில் அடங்கும் நிகோல் பட்டகம் ஒன்று. நீர்ப்பரப்பில் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில், செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகையில், விழுந்து எதிரொளிக்கும்போது, எதிரொளித்த ஒளி முழுவதும் ஒரே தளத்தில் அதிர்வதாக மாறிவிடுகிறது. புரூஸ்டர் கோணம் என்று பெயர் பெற்ற அந்தக் கோணத்தில் நின்று, நிகோல் பட்டகத்தைச் சரியான நிலையில் திருப்பிப் பார்த்தால், எதிரொளிப்பு அடியோடு அணைந்துவிடும். ராமன் அவ்வாறே பார்த்தார். வானத்தின் எதிரொளிப்பு மறைந்தது; கடலின் நீலமோ மறையாமல், முன்னிலும் செறிவாகத் தெரிந்தது. அப்படியானால் அந்த நிறம் வானத்திடம் இரவல் வாங்கியதன்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்று அவர் முடிவு செய்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் அவர் அனுப்பிய குறிப்பு, அதே ஆண்டு நவம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்தது.

மின்தகட்டைப் பொறுத்தவரை இதிலிருந்து வருவது இரண்டாம் விதி. தகட்டின் மேல் கண்ணாடி இருக்கிறது. வெயில் நேராக விழும்போது சாதாரணக் கண்ணாடி அதில் நான்கு விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. 60 பாகைச் சாய்வில் அது ஒன்பது விழுக்காடாகிறது. 80 பாகையில் நாற்பதை நெருங்குகிறது. காலையும் மாலையும் வாய்க்கால் நீர் கண்ணைக் கூச வைப்பதும், உச்சி வேளையில் அதே நீரின் அடிமண் தெரிவதும் இதனால்தான். கோசைன் கணக்கால் ஏற்கெனவே குறைந்த ஒளியில், எதிரொளிப்பும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இன்றைய தகடுகளின் கண்ணாடிக்கு எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இட்டு இந்த இழப்பைச் சற்றே கட்டுப்படுத்துகிறார்கள். அறவே நீக்க முடிவதில்லை.

சூரியனே விளக்கு

கடலில் தொடங்கிய கேள்வி ஏழாண்டுகள் அவரை இழுத்துச் சென்றது. நீர், பனிக்கட்டி, ஆவி, எண்ணற்ற திரவங்கள் என்று ஒவ்வொன்றும் ஒளியை எவ்வாறு சிதறடிக்கிறது என்று அவரும் மாணவர்களும் ஆராய்ந்தனர். 1923-இல் கே.ஆர். ராமநாதன் சிதறிய ஒளியில் மங்கலான புது நிறம் ஒன்று கலந்திருப்பதைக் கண்டார். அது திரவத்தின் மாசினால் விளைந்த ஒளிர்வாக இருக்கலாம் என்ற ஐயம் நீங்காமலே இருந்தது.

1928 தொடக்கத்தில், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனுடன் ராமன் அந்த ஐயத்தைத் தீர்க்க முற்பட்டார். விலையுயர்ந்த விளக்குகள் அவர்களிடம் இல்லை, சூரியனே விளக்கு. சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால், அதன் ஒளியை ஒரே திசையில் நிறுத்தி வைக்க ஹீலியோஸ்டாட் என்னும் கருவி வேண்டும். சூரியனின் போக்குக்கு ஏற்பத் தன் கோணத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும் ஆடி அது. அந்த ஆடி அனுப்பிய ஒளிக்கற்றையை 18 செ.மீ. விட்டமும் 230 செ.மீ. குவியத் தூரமும் கொண்ட தொலைநோக்கி வில்லை ஒன்றும், அடுத்து ஒரு சிறு வில்லையும் குவித்துத் திரவத்தினுள் செலுத்தின. ஒளி சென்ற பாதைக்குச் செங்குத்தாக, பக்கவாட்டிலிருந்து பார்த்தார்கள். உள்ளே நீல ஊதா ஒளியை மட்டும் விடும் வடிகட்டி. வெளியே அந்த ஒளியை முற்றிலும் தடுக்கும் வடிகட்டி. எதுவும் தெரியக்கூடாத இடத்தில் ஒளி தெரிந்தது. சிதறும்போது ஒளியின் ஒரு சிறு பகுதி தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது என்பது உறுதியாயிற்று. அறுபது திரவங்களில் அதைக் கண்டார்கள். பிப்ரவரி 28 அந்தக் கண்டுபிடிப்பின் நாளாயிற்று. இன்று அது தேசிய அறிவியல் நாள்.

மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் ஆகியோர் ஏறத்தாழ அதே வாரங்களில் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தனர். 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணனின் பங்குக்கு உரிய ஏற்பு கிட்டியதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆயினும், இரவல் ஒளியைக் கொண்டு, இருக்கிற வில்லைகளை வைத்து, கோணங்களைச் சரியாக அமைத்ததாலேயே உலகை முந்திய ஆய்வு அது என்பதில் ஐயமில்லை. சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் இன்றைய மின்தகடுகளுக்கு அந்த ஹீலியோஸ்டாட் மூத்த உறவு. தகடு தயாரிக்கும் துறையும் ராமனுக்குக் கடன்பட்டிருக்கிறது. சிலிக்கான் படிகத்தின் மேல் ஒளியைச் செலுத்தி, நிறம் மாறிச் சிதறும் பகுதியைக் கொண்டு அதன் தரத்தை அறியலாம். ஒழுங்கான படிகம் ஒருவகை அடையாளத்தையும், ஒழுங்கற்ற சிலிக்கான் வேறொரு வகை அடையாளத்தையும் காட்டிவிடும்.

பெங்களூரும் ஒரு மாணவியும்

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராக ராமன் பொறுப்பேற்றார். நிர்வாகம் அவருக்கு ஒத்துவரவில்லை. பிறரை அரவணைத்துச் செல்லும் பொறுமை அவரிடம் குறைவு. தம் கருத்தே சரியென்று நிற்கும் பிடிவாதம் மிகுதி. பூசல்கள் முற்றி 1937-இல் இயக்குநர் பதவியை விட்டார். 1948 வரை பேராசிரியராக நீடித்து, பின்னர் தம் பெயரிலான ஆய்வு நிறுவனத்தை அமைத்துக்கொண்டார்.

பெண்கள் விஷயத்தில் அவர் காட்டிய குறுகிய நோக்கும் மறைக்கத்தக்கதன்று. கமலா சோஹோனியை அவர் எளிதில் சேர்த்துக்கொள்ளவில்லை. போராடித்தான் நுழைய வேண்டியிருந்தது, அதுவும் நிபந்தனைகளுடன். ஒளியின் ஒவ்வொரு கோணத்தையும் பார்த்தவர், இந்தக் கோணத்தில் பார்க்கத் தவறினார்.

ஆனால் வரலாறு அவருடைய பெயரைச் சூரிய ஆற்றலோடு இணைத்தது ஒரு பெண்ணின் வழியேதான். பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அன்னா மணி, 1940-இல் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலைகளை ஆராய்ந்து, தனித்தே பல கட்டுரைகள் எழுதினார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருடைய ஆய்வேட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கவில்லை. 1948-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே தயாரிக்கவும் அவற்றைத் துல்லியப்படுத்தவும் பாடுபட்டார். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி, நாட்டின் பல இடங்களில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். அந்த அளவீடுகளின் பயனாக 1980-இலும் 1981-இலும் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றிய இரு பெரும் தொகுப்புகள் வெளிவந்தன. சூரிய ஆற்றல் திட்டங்களை வகுத்தவர்களுக்கு நெடுங்காலம் ஆதாரமாக விளங்கியவை அவை.

நேராக வரும் வெயிலும், வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சமும் தனித்தனியே கணக்கிடப்பட வேண்டியவை. நேரொளிக்குக் கோணம் உண்டு. சிதறிய ஒளி வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. மேகமூட்டமான நாளில் தகடு முற்றிலும் அணைந்துவிடாமல் இருப்பது இந்தச் சிதறிய ஒளியால்தான். ராமன் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த சிதறல், அவருடைய மாணவி அமைத்த நிலையங்களில் அன்றாட அளவீடாகி, நம் கூரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் முதல் பயனுள்ள சிலிக்கான் சூரிய மின்கலத்தை வெளியிட்டது. அதே ஆண்டு ராமனுக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. அவர் தம் இறுதிக் காலத்தை மலர்களின் நிறத்தையும் மனிதக் கண்ணின் பார்வையையும் ஆராய்வதில் கழித்தார். 1970 நவம்பர் 21-இல் காலமானார். அவர் விரும்பியபடி, ஆய்வு நிறுவனத் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது.

டெல்டாவின் வெயில்

இனி, அவருடைய முன்னோர் பயிர் செய்த மண்ணுக்கு வருவோம். தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் 25-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஜூன் 21-இல் உச்சியிலிருந்து 12.6 பாகை வடக்கே நிற்கிறது. டிசம்பர் 22-இல் 34.2 பாகை தெற்கே இறங்கிவிடுகிறது.

இதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டால் போதும். மார்கழி நண்பகலில் அதன் நிழல் வடக்கே 68 செ.மீ. நீளும். ஜூன் மாதக் கடைசியில் தெற்கே 22 செ.மீ. விழும். சித்திரைத் தொடக்கத்தில் ஒருநாள் நிழலே இருக்காது. பதினைந்து மீட்டர் தென்னை மரம் டிசம்பர் நண்பகலில் பத்து மீட்டருக்கு வடக்கே நிழல் வீசும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கும். தகட்டை எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு அதுவே விடை.

தகட்டை அட்சரேகையின் அளவுக்கு, அதாவது 11 பாகை, தெற்கு நோக்கிச் சாய்க்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. ஆண்டு முழுவதும் சீராக மின்சாரம் வேண்டும் வீட்டுக் கூரைக்கு அது பொருத்தமானதே. அந்தச் சாய்வில், ஜூன் நண்பகலிலும் டிசம்பர் நண்பகலிலும் நேரொளியில் 92 விழுக்காடு கிட்டுகிறது. கூரையின் திசையை மட்டும் மறந்துவிடக் கூடாது. 25 பாகைச் சரிவுள்ள ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் நண்பகலில் அதன் தெற்குச் சரிவில் பதித்த தகடு நேரொளியில் 99 விழுக்காட்டைப் பெறும். வடக்குச் சரிவில் பதித்த தகடு 51 விழுக்காட்டை மட்டுமே பெறும். ஒரே வீடு, ஒரே தகடு, ஒரே செலவு. பலன் மட்டும் ஏறத்தாழ பாதி.

பாசன மோட்டாரின் கணக்கு வேறு. டெல்டா விவசாயிக்கு நிலத்தடி நீர் மிகுதியும் தேவைப்படுவது எப்போது? ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படும் என்பது மரபு. அந்தத் தண்ணீர் கடைமடை வருமுன்பே, ஆழ்துளைக் கிணற்றை நம்பி முன்பட்ட குறுவைக்கு நாற்றங்கால் விடுபவர்கள் உண்டு. அணை திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில் அந்தத் தேவை இன்னும் நீள்கிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான அந்த மாதங்களில் சூரியன் உச்சியை ஒட்டியோ அதற்கு வடக்கிலோ நிற்கிறது. கிடைமட்டமாக வைத்த தகடு ஜூன் நண்பகலில் 98 விழுக்காட்டைப் பெறும். 11 பாகை தெற்கே சாய்த்தது 92 விழுக்காட்டில் நின்றுவிடும். டிசம்பரில் நிலைமை தலைகீழ்: சாய்த்த தகட்டுக்கு 92, கிடைத்தகட்டுக்கு 83. ஆனால் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம். வயலில் நீர் நிற்கிறது, வானம் மூடியிருக்கிறது, வருவதில் பெரும்பகுதி சிதறிய ஒளி, அதற்குச் சாய்வால் பெரும் பயனில்லை. மோட்டாருக்கு வேலை குறைந்த காலத்துக்காக, வேலை மிகுந்த காலத்தின் விளைச்சலை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஆகவே, தூசியை மழைநீர் கழுவிச் செல்லப் போதுமான சிறு சரிவோடு, ஏறக்குறையப் படுக்கையாக வைப்பதே இங்குள்ள பாசன மோட்டாருக்கு ஏற்றது. பருவத்துக்கு ஏற்பச் சாய்வை மாற்றக்கூடிய சட்டமாயின், ஆண்டுக்கு இருமுறை போல்ட்டைத் தளர்த்தி மாற்றிவைத்தால் இரண்டு பலனும் கிட்டும். தகட்டைப் பொருத்தும் நிறுவனத்துக்கு இந்தப் பயிர்க் கணக்கு தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. விவசாயிக்கும் வேளாண் பொறியியல் துறைக்கும்தான் அது தெரியும். மானிய விண்ணப்பத்தில் குதிரைத்திறனையும் கிணற்றின் ஆழத்தையும் கேட்பது போல, பயிர்ப் பருவத்தையும் கேட்டு அதற்கேற்ற சாய்வைக் குறித்துக்கொடுக்க அரசுக்குப் பெரும் செலவு ஆகாது.

ராமனின் வாழ்க்கை நமக்குத் தருவது பெருமிதம் மட்டுமன்று. எல்லோரும் கோணத்தை அளந்து குறித்துவிட்டு நகர்ந்த இடத்தில், அவர் நின்று பார்த்தார். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஏற்காமல், கையிலிருந்த சிறு பட்டகத்தைத் திருப்பிப் பார்த்தார். நூலில் உள்ள விதி தம்முன் இருக்கும் பொருளுக்குப் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். டெல்டாவின் பள்ளிகளில் இந்தச் சித்திரையில் ஒரு குச்சியை நட்டு, மாணவர்கள் அதன் நிழலை மாதந்தோறும் அளந்து எழுதட்டும். ஓராண்டு முடிவில் தங்கள் ஊர் வெயிலின் கணக்கு அவர்கள் கையில் இருக்கும். ஊரிலுள்ள தகடுகள் சரியாக நிற்கின்றனவா என்பதை அந்தக் கணக்கைக் கொண்டு அவர்களே சொல்லிவிடுவார்கள்.